டாட் நெட் ஒரு மொழியா? மொழி, கம்பைலர், ஃபிரேம்வொர்க் குழப்பம்

கல்லூரி முடித்து வேலை தேடுகிறவர்களின் ரெஸ்யூமில் 'தெரிந்த மொழிகள்' என்ற தலைப்புக்குக் கீழே இப்படி ஒரு வரியை அடிக்கடி பார்க்கலாம்: சி, டர்போ சி++, ஜாவா, டாட் நெட், ஸ்பிரிங், ரியாக்ட், ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ. இந்த ஏழில் மொழி என்று சொல்லக்கூடியவை இரண்டுதான், சியும் ஜாவாவும். எழுதியவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. லேபில் ரன் பட்டனை அழுத்தினால் எல்லாம் சேர்ந்து ஒரே மூச்சில் நடந்து முடிந்துவிடுகிறது, உள்ளே யார் யார் என்னென்ன வேலை பார்த்தார்கள் என்பது வெளியே தெரிவதே இல்லை. ஆனால் ஒரு நாள் எரர் வந்து நிற்கும்போது, அதைச் சொல்வது கம்பைலரா ஃபிரேம்வொர்க்கா என்று தெரியாவிட்டால் கூகுளில் எதைத் தேடுவது என்பதிலேயே பாதி நாள் போய்விடும். இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வதில் உள்ள லாபம் அதுதான். இன்டர்வியூவில் பதில் சொல்வதெல்லாம் அதற்கு அப்புறம்.

சரி, மொழியிலிருந்து தொடங்கலாம். சி மொழியை டவுன்லோடு செய்ய முடியாது. அது உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிற ஒரு பொருளே கிடையாது. எதை எப்படி எழுதலாம், அப்படி எழுதினால் அதற்கு என்ன பொருள் என்று வகுத்து வைத்த விதிகளின் தொகுப்புதான் மொழி. டென்னிஸ் ரிட்சி 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் சியை உருவாக்கியபோது அந்த விதிகள் பெரும்பாலும் அவரும் சக ஊழியர்களும் எழுதிய கம்பைலருக்குள்தான் இருந்தன. பிறகு 1989-இல் அமெரிக்கத் தரமாகவும் 1990-இல் ஐஎஸ்ஓ தரமாகவும் அவை காகிதத்துக்கு வந்தன. இன்றைக்கு 'சி என்றால் என்ன' என்று யாராவது சண்டைக்கு வந்தால் தீர்ப்பு சொல்லவேண்டியது அந்த ஆவணம்தான்.

மொழி என்பது காகிதத்தில் இருப்பது என்பதற்கு இன்னும் நல்ல சாட்சி அல்கால் 60. ஐரோப்பிய, அமெரிக்க அறிஞர்கள் கூடிப் பேசி 1960-இல் அதை ஓர் அறிக்கையாக வெளியிட்டார்கள். அந்த அறிக்கையைப் படித்துவிட்டு அவரவர் இயந்திரத்துக்கு அவரவர் கம்பைலர் எழுதிக்கொண்டார்கள்; ஆம்ஸ்டர்டாமில் டைக்ஸ்ட்ராவும் சோனவெல்டும் எக்ஸ்1 என்ற இயந்திரத்துக்காக எழுதியது அதே ஆண்டு ஆகஸ்டில் ஓடத் தொடங்கியது. இதில் வேடிக்கை என்னவென்றால் அந்த அறிக்கையில் திரையிலோ காகிதத்திலோ ஒரு எண்ணை அச்சிடுவதற்கான கட்டளையே கிடையாது! கணக்குப் போடுவது எப்படி என்பது மட்டும்தான் மொழியின் வேலை, விடையை வெளியே கொண்டுவருவது அந்தந்த இயந்திரக்காரர்களின் பாடு என்று விட்டுவிட்டார்கள். சியிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். இஃப், ஃபார், ரிட்டர்ன் எல்லாம் மொழியின் சொந்தச் சொற்கள். நாம் முதல் நாளே கற்றுக்கொள்ளும் பிரின்ட்எஃப் அந்தப் பட்டியலில் இல்லை, அது கூடவே வருகிற லைப்ரரியில் யாரோ எழுதி வைத்த ஒரு ஃபங்ஷன். அதனால்தான் மேலே ஒரு இன்க்ளூட் வரி போடச் சொல்கிறார்கள்.

கம்பைலர் இதற்கு நேர் எதிர். அது ஒரு புரோகிராம். ஹார்ட் டிஸ்கில் ஒரு ஃபைலாக உட்கார்ந்திருக்கிறது, வேண்டுமானால் அழிக்கலாம், வேறொன்றைப் போட்டுக்கொள்ளலாம். நீங்கள் எழுதிய டெக்ஸ்டைப் படித்து, மொழியின் விதிப்படி இருக்கிறதா என்று பார்த்து, பிராசஸருக்குப் புரிகிற கட்டளைகளாக மாற்றித் தருவது அதன் வேலை. கிரேஸ் ஹாப்பர் 1952-இல் யூனிவாக் இயந்திரத்துக்காக எழுதிய ஏ-0 தான் கம்பைலர் என்ற பெயரோடு வந்த முதல் புரோகிராம் என்பார்கள், இன்றைய கண்ணால் பார்த்தால் அது செய்தது வேறு மாதிரியான, எளிமையான வேலை. முழுமையான கம்பைலர் என்று பரவலாக வேலைக்கு வந்தது 1957-இல், ஐபிஎம் 704 இயந்திரத்துக்காக ஜான் பேக்கஸ் குழு எழுதிய ஃபோர்ட்ரான் கம்பைலர். மனிதன் கையால் எழுதுகிற மெஷின் கோட் அளவுக்கு வேகமாக ஒரு புரோகிராம் எழுதித் தந்துவிடுமா என்று அன்றைய புரோகிராமர்கள் நம்பவே இல்லை. அந்த அவநம்பிக்கையைப் போக்கத்தான் பேக்கஸ் குழு, கம்பைலர் தரும் கோடின் வேகத்திலேயே முக்கால்வாசி கவனத்தைச் செலவிட்டது.

ஒரு மொழிக்கு எத்தனை கம்பைலர் வேண்டுமானாலும் இருக்கலாம். சிக்கு ஜிசிசி இருக்கிறது, ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987-இல் வெளியிட்டது. கிளாங் இருக்கிறது. மைக்ரோசாஃப்டுடையது ஒன்று. அப்புறம் நம் ஊர் கல்லூரி லேப்களில் பல தலைமுறைகளை வளர்த்த அந்த நீலத் திரை, போர்லாண்ட் நிறுவனத்தின் டர்போ சி, டர்போ சி++. டாஸ் காலத்தில் வந்த 16 பிட் புரோகிராம் அது. இப்போதைய 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது, பழைய டாஸ் மாதிரி நடிக்கிற டாஸ்பாக்ஸ் என்ற புரோகிராமுக்குள் வைத்துத்தான் ஓட்டவேண்டும்.

இங்கேதான் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். முழு எண்களை வைக்கிற இன்ட் வகை மாறிகள் இரண்டு எடுத்து, இரண்டிலும் 30000 வைத்து, கூட்டி, விடையை மூன்றாவது இன்ட் மாறியில் போட்டு அச்சிடுங்கள். ஜிசிசியில் கம்பைல் செய்தால் 60000 வரும். அதே ஃபைலை ஓர் எழுத்துகூட மாற்றாமல் டர்போ சியில் ஓட்டினால் -5536 வரும். டர்போ சி தப்பு செய்துவிட்டது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இல்லை. இன்ட் என்பது குறைந்தபட்சம் -32767 முதல் 32767 வரையாவது தாங்கவேண்டும் என்றுதான் சியின் விதி சொல்கிறது, அதற்கு மேல் எவ்வளவு என்பதைக் கம்பைலர் எழுதுகிறவரிடம் விட்டுவிட்டது. டர்போ சி 16 பிட் எடுத்துக்கொண்டது, 32767-ஐத் தாண்டியதும் எண் சுற்றிக்கொண்டு மைனஸ் பக்கம் போய்விட்டது. ஜிசிசி நம் கம்ப்யூட்டர்களில் 32 பிட் எடுத்துக்கொள்கிறது. இரண்டு கம்பைலருமே விதியை மீறவில்லை. மீறியது, இன்ட்டில் 60000 அடங்கும் என்று எண்ணி எழுதிய நாம்தான்.

கோனியோ டாட் ஹெச், கிளியர் ஸ்க்ரீன், வாய்ட் மெயின் என்று பழகியவர்கள் முதல்முறை லினக்ஸில் ஜிசிசிக்கு மாறும்போது திணறுவதும் இதனால்தான். கோனியோ என்ற அந்த ஃபைல் சி மொழியில் கிடையாது. டாஸ் கால கம்பைலர் நிறுவனங்கள் தங்கள் வசதிக்குச் சேர்த்துக் கொடுத்தது. அப்படி ஒரு ஃபைலே இல்லை என்று ஜிசிசி சொல்கிறது, நாம் 'சி ஓடவில்லை' என்கிறோம். நாம் படித்தது சியும் டர்போ சியும் கலந்த ஒன்று, எது எதில் முடிகிறது என்று யாரும் கோடு போட்டுக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு பழைய நோயும் இருக்கிறது. அ என்ற மாறியில் 5 இருக்கிறது, ++அ + ++அ என்றால் விடை என்ன? (++அ என்றால் அ-வில் ஒன்றைக் கூட்டிவிட்டு அந்த மதிப்பை எடுத்துக்கொள் என்று பொருள்.) பரீட்சைகளிலும் வேலைக்கான எழுத்துத் தேர்வுகளிலும் இந்த மாதிரிக் கேள்வி விடாமல் வரும். ஜிசிசியில் போட்டால் வழக்கமாக 14 கிடைக்கும். கிளாங்கில் 13. உண்மையான பதில்: சி மொழியில் இதற்கு விடையே கிடையாது. ஒரே கோவையில் ஒரே மாறியை இப்படி இரண்டு முறை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு நான் பொறுப்பில்லை என்று விதியே கைவிரித்துவிடுகிறது, கம்பைலர் தனக்குத் தோன்றியதைச் செய்யலாம். ஜாவாவில் இதே கோவைக்கு எங்கே ஓட்டினாலும் 13 தான், ஏனென்றால் இடமிருந்து வலமாகக் கணக்கிட வேண்டும் என்று ஜாவாவின் விதி திட்டவட்டமாகச் சொல்கிறது. ஆக, 'இந்தக் கோடின் அவுட்புட் என்ன' என்று கேட்பது சில சமயம் மொழியைப் பற்றிய கேள்வியே இல்லை, கேட்டவருடைய கம்ப்யூட்டரில் எந்தக் கம்பைலர் இருக்கிறது என்பதைப் பற்றிய கேள்வி.

கம்பைலரை எந்த மொழியில் எழுதுவார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் அதே மொழியில்தான் என்பது பலருக்கு விசித்திரமாக இருக்கும். ஜிசிசி பல காலம் சியில்தான் எழுதப்பட்டது, பின்னால் சி++ பக்கம் போனது. முதல் கம்பைலரைப் பழைய மொழி ஒன்றில் சின்னதாக எழுதிவிட்டால், அதைக் கொண்டு அடுத்ததைப் புது மொழியிலேயே எழுதிக் கம்பைல் செய்துகொள்ளலாம். முட்டையா கோழியா பிரச்சினை இதில் அதிக நாள் நிற்பதில்லை.

எல்லா மொழியும் நேரே மெஷின் கோடுக்குப் போவதில்லை. ஜாவா கம்பைலர் உங்கள் கோடை பைட்கோட் என்ற இடைநிலை வடிவத்துக்கு மாற்றி .கிளாஸ் ஃபைலில் வைக்கிறது, ஜேவிஎம் என்ற இன்னொரு புரோகிராம் அதை எடுத்து ஓட்டுகிறது, ஓடிக்கொண்டிருக்கும்போதே அடிக்கடி வருகிற பகுதிகளை மெஷின் கோடாகவும் மாற்றிக்கொள்கிறது. பைதானுக்குக் கம்பைலர் கிடையாது என்று சொல்வது வழக்கம், அதுவும் அரை உண்மைதான். உங்கள் பைதான் புராஜெக்டில் வேறு ஃபைலை இம்போர்ட் செய்து ஓட்டிவிட்டுப் பாருங்கள், பைகேஷ் என்று ஒரு ஃபோல்டர் கேட்காமலே முளைத்திருக்கும். அதற்குள் இருப்பது கம்பைல் ஆன பைட்கோட். பைதான் அதை உங்களிடம் சொல்லாமல் செய்கிறது, ஜாவா சொல்லிவிட்டுச் செய்கிறது. ஜாவாஸ்கிரிப்டும் குரோமுக்குள் இருக்கிற வி8 கையில் போனால் மெஷின் கோடு வரைக்கும் போகும். ஆகவே 'கம்பைல் மொழி', 'இன்டர்பிரட்டர் மொழி' என்று மொழிகளைப் பிரிக்கும் பாடப்புத்தக அட்டவணையை ரொம்ப நம்பவேண்டாம். கம்பைல் செய்வதா, வரிவரியாக ஓட்டுவதா என்பது மொழியின் குணத்தைவிட அதை ஓட்டுகிற புரோகிராமின் குணம்.

அடுத்தது ஃபிரேம்வொர்க். இதைத்தான் ஆட்கள் மொழியோடு அதிகம் குழப்பிக்கொள்கிறார்கள், ஏனென்றால் வேலை விளம்பரங்களில் மொழியின் பெயருக்குப் பக்கத்திலேயே இதன் பெயரும் இருக்கும். ஃபிரேம்வொர்க் என்பது அந்த மொழியிலேயே வேறு யாரோ எழுதி வைத்த கோட். ஸ்பிரிங் ஜாவாவில் எழுதப்பட்டது. ஜாங்கோ பைதானில். லாரவெல் பிஹெச்பியில். கம்பைலரின் கண்ணுக்கு ஸ்பிரிங்கும் நீங்கள் நேற்று எழுதிய கிளாஸும் ஒன்றுதான், 'இது பெரிய ஃபிரேம்வொர்க்' என்று அது தனி மரியாதை எதுவும் கொடுப்பதில்லை.

அப்படியானால் லைப்ரரிக்கும் ஃபிரேம்வொர்க்குக்கும் என்ன வித்தியாசம்? யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பதுதான். கல்யாணத்துக்குப் பாத்திரக்கடையில் அண்டா, கரண்டி வாடகைக்கு எடுத்தால் சமையல் எப்போது, பந்தி எப்போது என்பதெல்லாம் உங்கள் இஷ்டம், அது லைப்ரரி. மண்டபத்தோடு சேர்த்து எல்லாவற்றையும் ஒரு கான்ட்ராக்டரிடம் கொடுத்துவிட்டால் காலை டிபன் எத்தனை மணிக்கு, மேளக்காரர் எப்போது வருவார் என்பதையெல்லாம் அவர் முடிவு செய்வார், 'மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க' என்று அவர் கூப்பிடும்போது நீங்கள் கூட்டிக்கொண்டு போய் நிறுத்த வேண்டும், அது ஃபிரேம்வொர்க்.

ஜாங்கோவில் முதல் வாரம் வேலை செய்கிறவர்களுக்கு இது ஒரு வினோதமான அனுபவமாக இருக்கும். வியூஸ் என்ற ஃபைலில் ஒரு ஃபங்ஷன் எழுதுவீர்கள். அதை உங்கள் கோடில் எந்த இடத்திலும் நீங்கள் கூப்பிட மாட்டீர்கள். யூஆர்எல் பட்டியலில் 'இந்த முகவரிக்கு இந்த ஃபங்ஷன்' என்று ஒரு வரி, அவ்வளவுதான். பிரௌசரில் அந்த முகவரியைத் தட்டியதும் ஃபங்ஷன் ஓடுகிறது. மெயின் எங்கே, புரோகிராம் எங்கிருந்து தொடங்குகிறது என்று தேடுவீர்கள், உங்கள் ஃபைல்களில் பெரிதாக ஒன்றும் அகப்படாது. கோரிக்கையை வாங்குவது, முகவரியைப் பொருத்துவது, லாகின் ஆகியிருக்கிறாரா என்று பார்ப்பது, உங்கள் ஃபங்ஷனைக் கூப்பிடுவது, அது கொடுத்த பதிலைத் திருப்பி அனுப்புவது எல்லாம் ஜாங்கோவின் கையில். நடுவில் ஒரே ஒரு இடத்தில்தான் நீங்கள் இருக்கிறீர்கள். 'நான் எழுதியதை நான் கூப்பிடவில்லை, ஆனாலும் ஓடுகிறது' என்று தோன்றினால் நீங்கள் ஃபிரேம்வொர்க்குக்குள் இருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

பல ஃபிரேம்வொர்க்குகள் வேலை நடக்கும் இடத்தில் பிறந்தவை. ஜாங்கோ, அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்து லாரன்ஸ் ஊரின் செய்தித்தாள் அலுவலகத்தில் உருவானது. நாளைக்குள் ஒரு இணையதளம் வேண்டும், மறுநாள் இன்னொன்று என்று கேட்டுக்கொண்டே இருந்த இடம் அது; ஒவ்வொரு முறையும் செய்யவேண்டியிருந்த ஒரே மாதிரி வேலைகளைத் தனியாகப் பிரித்தெடுத்து வைத்ததுதான் 2005-இல் ஜாங்கோ என்று வெளியே வந்தது. ரூபி ஆன் ரெயில்ஸும் அப்படியே, பேஸ்கேம்ப் என்ற மென்பொருளை எழுதும்போது அதிலிருந்து பிரித்தெடுத்து 2004-இல் வெளியிட்டார் டேவிட் ஹைனமையர் ஹான்சன். இதனால் ஒரு விளைவும் உண்டு: மொழிகளைவிட ஃபிரேம்வொர்க்குகள் வேகமாக வயதாகும். 2010-இல் வந்த ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்குப் பதிலாக 2016-இல் முற்றிலும் மாற்றி எழுதிய புது ஆங்குலர் வந்தது, பழையதற்கான ஆதரவு 2021 முடிவோடு நின்றுபோனது. அடியில் இருந்த ஜாவாஸ்கிரிப்ட் 1995-இல் பிறந்தது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ரியாக்டை மட்டும் மூன்று மாத கோர்ஸில் படித்துவிட்டு ஜாவாஸ்கிரிப்டைத் தொடாமல் விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலை வருவது அதனால்தான். மொழியை ஓரளவாவது முதலில் படியுங்கள் என்பேன், ஃபிரேம்வொர்க்கை வேலை கிடைத்த இடத்தில் கூடப் பிடித்துக்கொள்ளலாம்.

தெளிவாக எந்தப் பெட்டியிலும் அடங்காத ஆட்களும் உண்டு. டாட் நெட் மொழி கிடையாது, ஃபிரேம்வொர்க் என்ற பெயரோடு 2002-இல் வந்தாலும் அதற்குள் ஓட்டும் எஞ்சின், லைப்ரரிகள், கருவிகள் எல்லாம் அடக்கம். அதற்கு எழுதப் பயன்படும் மொழிகளில் ஒன்றுதான் சி ஷார்ப். நோட் ஜேஎஸ், ஜாவாஸ்கிரிப்டை பிரௌசருக்கு வெளியே ஓட்டுகிற ரன்டைம். ரியாக்ட் தன்னை லைப்ரரி என்றுதான் சொல்லிக்கொள்கிறது, ஆனால் உங்கள் கம்போனென்டை எப்போது கூப்பிடுவது என்று அதுவே முடிவு செய்கிறது, மேலே சொன்ன அளவுகோலில் பார்த்தால் ஃபிரேம்வொர்க் மாதிரிதான் நடந்துகொள்கிறது. ஸ்வெல்ட் இன்னும் மோசம், அது ஃபிரேம்வொர்க்காகவும் கம்பைலராகவும் ஒரே நேரத்தில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ, விஎஸ் கோட், அந்த நீலத் திரை எல்லாம் எழுதுவதற்கான இடங்கள், எடிட்டர்கள். கம்பைலரைக் கூப்பிடும் பட்டன் அவற்றில் இருக்கிறது, பெரும்பாலும் கம்பைலர் தனியாகத்தான் இருக்கும்.

இனி எரருக்கு வருவோம். எரர் வந்தால் முதலில் கேட்க வேண்டியது, புரோகிராம் ஓடத் தொடங்கியதா இல்லையா என்பது. அரைப்புள்ளி எங்கே என்று கேட்டு, ஃபைல் பெயரும் வரி எண்ணும் போட்டால் பேசுவது கம்பைலர், உங்கள் புரோகிராம் இன்னும் பிறக்கவே இல்லை, மொழியின் விதியைத்தான் பார்க்கவேண்டும். சியில் 'அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்' என்று வந்தால் கம்பைலர் தன் வேலையை முடித்துவிட்டது, துண்டுகளை ஒட்டுகிற லிங்கருக்கு நீங்கள் கூப்பிட்ட ஏதோ ஒன்றின் கோட் கிடைக்கவில்லை, மொழியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பயனில்லை. 'போர்ட் 8080 ஏற்கனவே பயன்பாட்டில் உள்ளது' என்ற பொருளில் ஸ்பிரிங் பூட் (ஸ்பிரிங்கின் மேல் கட்டியது) கத்தினால் ஜாவாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, நேற்று ஓட்டிய சர்வரை நிறுத்த மறந்திருப்பீர்கள். ஜாங்கோ, டெம்ப்ளேட் (பக்கத்தின் அச்சு வடிவம் இருக்கிற ஃபைல்) இல்லை என்றால் ஃபோல்டர் பெயரைப் பாருங்கள், பைதான் புத்தகத்தைத் தூக்காதீர்கள். ஃபிரேம்வொர்க் எரர் கொட்டும்போது நூறு வரி வந்து பயமுறுத்தும். அதில் உங்கள் பேக்கேஜ் பெயர் இருக்கிற வரி ஒன்றோ இரண்டோதான் இருக்கும், முதலில் அதைத் தேடுங்கள், மற்றதெல்லாம் ஃபிரேம்வொர்க் தனக்குள் கைமாற்றிக்கொண்ட பாதை.

சில சமயம் மூன்றும் ஒரே எரரில் வந்து உட்காரும். ஜாவா 8 வைத்திருக்கிற கம்ப்யூட்டரில், இன்டர்நெட்டில் கிடைத்த புது ஸ்பிரிங் பூட் 3 புராஜெக்டை இறக்கிக் கம்பைல் செய்தால், கிளாஸ் ஃபைலின் வெர்ஷன் தவறு, 61.0 என்று இருக்கிறது, 52.0 ஆக இருக்கவேண்டும் என்கிற ரீதியில் ஒரு செய்தி வரும். பார்த்தால் தலையும் புரியாது வாலும் புரியாது. பிரித்துப் பார்த்தால் புரியும். பேசுவது கம்பைலர். அது படிக்க முயன்றது உங்கள் கோடை இல்லை, ஸ்பிரிங்கின் கோடை, ஏற்கனவே கம்பைல் ஆகி வந்த .கிளாஸ் ஃபைலை. ஒவ்வொரு .கிளாஸ் ஃபைலின் தலையிலும் எந்த ஜாவாவுக்காகக் கம்பைல் ஆனது என்று ஓர் எண் எழுதியிருக்கும். 52 என்றால் ஜாவா 8, 61 என்றால் ஜாவா 17. ஸ்பிரிங் பூட் 3 ஜாவா 17-ஐக் குறைந்தபட்சமாகக் கேட்கிறது, அதற்காகக் கம்பைல் ஆன ஃபைல்கள் உங்கள் பழைய கம்பைலர் கையில் போய் மாட்டிக்கொண்டன. உங்கள் கோடில் ஒரு வரிகூடத் தப்பில்லை. ஜாவா 17-இன் கம்பைலர் அடங்கிய ஜேடிகே 17 என்ற தொகுப்பைப் போட்டு, நீங்கள் கோட் எழுதுகிற ஐ.டி.ஈ. (ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ மாதிரியான எடிட்டர்) அதைத்தான் எடுத்துக்கொள்கிறதா என்று செட்டிங்ஸில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஜாவா 8-ஐ விட முடியாத கட்டாயம் இருந்தால் ஸ்பிரிங் பூட் 2.7-க்கு இறங்கலாம், ஆனால் அப்போது ஜகார்த்தா என்று தொடங்கும் இம்போர்ட் வரிகளையெல்லாம் பழையபடி ஜாவாஎக்ஸ் என்று மாற்றவேண்டியிருக்கும்.